எலிக்கருவில் தொடங்கிய கணக்கு

ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது 1978 ஜூலை 25 என்ற ஒரே தேதிதான். அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில், உடலுக்கு வெளியே கருவுற்று உருவான முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தாள். 32 ஆண்டுகள் கழித்து, 2010இல், அந்தப் பணிக்காக எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு செய்திகளை மட்டும் அறிந்தவர்கள் அவரை ஒரு மகப்பேற்று மருத்துவர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அவர் மருத்துவம் படித்தவரே அல்லர். வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரக் கல்லூரியில் வேளாண்மை படிக்கச் சேர்ந்து, அந்தப் பாடத்தில் மனம் ஒட்டாமல் விலங்கியலுக்கு மாறி, அதன்பின் எடின்பரோவின் விலங்கு மரபியல் நிலையத்தில் எலிகளின் கருக்களை ஆராய்ந்து 1955இல் முனைவர் பட்டம் பெற்றவர்.

வட்டிக்கடையின் நடப்பை அறிய ஐந்தொகையை மட்டும் பார்த்தால் போதாது, பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டவேண்டும் என்று எங்கள் ஐயா சொல்வார். காரைக்குடியில் பிறந்து வளர்ந்து, மதுரையில் ஒரு குரோமோசோம் ஆய்வகத்தில் பணிக்காலத்தைக் கழித்த நான், ஓய்வு பெற்றபின் எட்வர்ட்ஸின் ஆய்வுக் கட்டுரைகளை அப்படித்தான் ஆண்டு வரிசையில் வாசிக்கத் தொடங்கினேன். அவ்வாறு வாசித்தபோது, சோதனைக்குழாய்க் குழந்தை என்பது அவருடைய ஆய்வின் தொடக்க நோக்கமாக இருக்கவில்லை என்பதும், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை ஏன் தவறுகிறது என்ற மரபியல் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றவர் அந்த வழியில்தான் குழந்தையின்மைக்கான மருத்துவத்தை வந்தடைந்தார் என்பதும் எனக்குத் தெளிவாயின. மரபியலும் தாவரவியலும் கருவுறுதல் மருத்துவமும் தனித்தனித் துறைகளாக இன்று கற்பிக்கப்படுவதால், இந்தத் தொடர்ச்சி நம் மாணவர்களின் கண்ணில் படுவதே இல்லை.

அவருடைய தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று 1954இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எலிகள் கருவுறும் வேளையில் கால்ச்சிசின் என்ற பொருளைச் செலுத்தினால் அவற்றின் கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது என்பதே அதன் பொருள். எலிக்கு இயல்பாக 40 குரோமோசோம்கள். முட்டை வெளியே தள்ளவேண்டிய ஒரு தொகுதி உள்ளேயே தங்கிவிட்டால் கருவில் 60 ஆகிவிடும். தந்தையின் பங்கோ தாயின் பங்கோ சேராமற்போனால் 20 மட்டுமே இருக்கும். இப்படிப்பட்ட கருக்கள் எத்தனை நாள் தாங்குகின்றன, எந்தக் கட்டத்தில் அழிகின்றன என்பதை அவர் ஓராண்டல்ல, பல ஆண்டுகள் பொறுமையாகப் பதிவு செய்தார். பிற்காலத்தில் மனிதரின் கருச்சிதைவைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

கால்ச்சிசின் என்ற பெயரைப் பார்த்ததும் நான் சற்று நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அது ஒரு தாவர நஞ்சு. ஐரோப்பாவில் கால்ச்சிகம் என்ற கிழங்குச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. மூட்டுவாதத்துக்கு மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டது. நம் ஊரில் அதே பொருள் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் நாம் அழைக்கும் அந்தக் கொடி, மழைக்காலத்தில் வேலிகளின் மேல் பற்றி ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் விதைக்காகவே அதைப் பயிரிட்டு, மருந்துத் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். சிறு பிள்ளைகளைப் பெரியவர்கள் அதன் பக்கம் போகவிடாமல் தடுத்தது சரியே. செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, உண்டால் உயிருக்கே ஆபத்து.

உயிரணு பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்வதற்கு நுண்ணிய புரத இழைகள் உருவாகின்றன. கால்ச்சிசின் அந்த இழைகள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. குரோமோசோம்கள் இரட்டித்து நிற்கும், ஆனால் பிரிய வழியிராது. தாவரங்களில் இதைப் பயன்படுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று ஊமத்தைச் செடியை நெடுநாள் ஆராய்ந்த ஆல்பர்ட் பிளேக்ஸ்லி 1937இல் காட்டினார். உலகெங்கும் தாவர மரபியலாளர்கள் உடனே அதைக் கையில் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் நமக்கு மிக அருகிலிருந்தவர். தலைச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் பணிபுரிந்த ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் இட்டுப் புதிய வகைகளை உருவாக்கினார். மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகள் அடங்கிய நூல் 1945இல் வெளிவந்தது. அவர் இங்கிலாந்தைவிட்டு இந்தியா திரும்பிய 1951ஆம் ஆண்டில்தான் எட்வர்ட்ஸ் எடின்பரோவுக்குள் நுழைகிறார். ஒருவர் செடியில் பயன்படுத்திய கருவியை மற்றொருவர் எலியில் பயன்படுத்தினார்.

மனிதரின் குரோமோசோம் எண்ணிக்கை 46 என்று கண்டறிந்தவர்களும் தாவர ஆய்விலிருந்து வந்தவர்களே. 1923 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் 48 என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். வெங்காய வேரில் கால்ச்சிசினின் விளைவை 1938இலேயே விரிவாக விளக்கியிருந்த சுவீடனின் ஆல்பர்ட் லெவானும், தாவரக் குரோமோசோம்களில் கைதேர்ந்த ஜோ ஹின் ஜியோவும், வெங்காயத்தில் கற்ற அதே முறையை மனித உயிரணுவில் பயன்படுத்தி 1956இல் சரியான எண்ணிக்கையை வெளியிட்டனர். அடுத்த மூன்று ஆண்டுக்குள், 1959இல், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் நோயுள்ள குழந்தைகளிடம் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதை ஜெரோம் லெஜூன் குழுவினர் அறிவித்தனர். எட்வர்ட்ஸை மனித முட்டையின் பக்கம் திருப்பியதில் இந்தச் செய்திக்குப் பெரும் பங்கு உண்டு. எலியில் தான் செயற்கையாக உண்டாக்கிய பிழை, மனிதரில் தானாகவே நிகழ்கிறது. அது முட்டை முதிரும் நேரத்தில்தான் நிகழ்கிறதென்றால், அந்த நேரத்தைக் கண்ணால் பார்த்தாகவேண்டும் என்று அவர் எண்ணினார்.

பார்ப்பதற்கு முட்டை வேண்டும். இதற்கான தயாரிப்பும் எலியிலேயே நடந்திருந்தது. எலிகள் நள்ளிரவில்தான் முட்டை வெளியிடும் என்பதால் அவரும் நள்ளிரவில் ஆய்வகத்தில் இருக்கவேண்டியிருந்தது. அவரும், அவருடைய துணைவியான ரூத் ஃபவுலரும், வளர்ந்த பெண் எலிகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு முட்டைகளை வெளியிடச் செய்யும் முறையை 1957இல் வெளியிட்டனர். இன்று எந்தக் கருத்தரிப்பு மையத்துக்குச் சென்றாலும் பெண்களுக்கு முதலில் போடப்படும் ஊசிகளின் முன்வரலாறு இந்தக் கட்டுரையில் இருக்கிறது.

மனித முட்டை எளிதில் கிடைக்கவில்லை. மோலி ரோஸ் என்ற மகப்பேற்று மருத்துவர், அறுவையின்போது அகற்றப்பட்ட சினைப்பைத் துண்டுகளை எட்வர்ட்ஸுக்கு எடுத்து வைத்தார். வெளியே எடுத்த மனித முட்டை 12 மணி நேரத்தில் முதிர்ந்துவிடும் என்று அமெரிக்க ஆய்வாளர் கிரிகரி பிங்கஸ் 1939இல் எழுதியிருந்தார். எட்வர்ட்ஸ் 12 மணி நேரம் காத்திருந்தார், எதுவும் நிகழவில்லை. மேலும் காத்திருந்தார்; ஆண்டுகள் சென்றன. கடைசியில், மனித முட்டைக்கு 36 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது என்பதை அவர் 1965இல் 'லான்செட்' இதழில் அறிவித்தார். இந்த ஒரு எண்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பது என் கருத்து. இன்றும் மையங்களில் கடைசி ஊசியைப் போட்டுவிட்டு, ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து முட்டையை எடுக்க வரச்சொல்கிறார்கள். ஊசி இரவில் போடப்படுவது ஏன், மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் காலையில் வரச்சொல்வது ஏன் என்று கேட்ட பல பெண்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லியிருக்கிறேன்.

1968இல் வந்த இரண்டு கட்டுரைகளை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். சக ஆய்வாளர் ஹெண்டர்சனுடன் எழுதிய ஒன்று, வயது கூடிய பெண் எலிகளின் முட்டைகளில் குரோமோசோம் ஜோடிகளுக்கு இடையிலான பிணைப்பு குறைவதையும், இணையின்றித் தனித்து நிற்கும் குரோமோசோம்கள் பெருகுவதையும் காட்டியது. தாயின் வயது கூடும்போது டவுன் நோய் ஏன் மிகுகிறது என்பதற்கு அவர்கள் கண்ட விடை அது. அந்த விளக்கம் அப்படியே நிலைக்கவில்லை. குரோமோசோம்களைக் கட்டி வைத்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துபோவதே முதன்மையான காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. ஆயினும் பிழை நிகழும் இடம் முட்டைதான், காலம் அதன் முதிர்ச்சிதான் என்று அவர் சுட்டியது சரியாகவே இருந்தது. ரிச்சர்டு கார்ட்னருடன் எழுதிய மற்றொரு கட்டுரை, முயலின் ஐந்தாறு நாள் கருவிலிருந்து சில உயிரணுக்களை மட்டும் வெட்டியெடுத்து, அது ஆணா பெண்ணா என்று கணித்து, அந்தக் கருவை மீண்டும் கருப்பையில் வைத்தால் கணித்தபடியே குட்டி பிறக்கிறது என்று காட்டியது. கருவைப் பதியவைக்கும் முன்பே மரபணுச் சோதனை செய்யலாம் என்ற எண்ணம், முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்குப் பத்தாண்டு முன்பே இவ்வாறு நிறைவேறியிருந்தது. மனிதரில் அது 1990இல்தான் நடந்தது. லண்டனில் ஆலன் ஹேண்டிசைட் குழுவினர், ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும் பரம்பரை நோய்களைத் தவிர்ப்பதற்காக அதைப் பயன்படுத்தினர். நம் நாட்டில் பெண் கருவை அழிப்பதற்கு இந்த அறிவு பயன்பட்டுவிடக்கூடாது என்பதற்காகவே 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் பார்ப்பதைத் தடை செய்கிறது; அந்தத் தடை தேவையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதன்பின் நடந்தவை பலரும் எழுதியவை. விரைந்து சொல்லிச் செல்கிறேன். 1969இல் ஆய்வாளர் பேவிஸ்டருடனும், ஓல்டத்தின் அறுவை மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவுடனும் சேர்ந்து மனித முட்டை உடலுக்கு வெளியே கருவுறும் முதற்கட்டங்களை வெளியிட்டார். 1971இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நிதியுதவியை மறுத்தது. தோல்விகள் தொடர்ந்தன. இறுதியில் ஊசியைக் கைவிட்டு, இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்துக் கருவுறச் செய்து, அது எட்டு உயிரணுக்களாகப் பிரிந்தபின் 1977 நவம்பரில் லெஸ்லி பிரவுனின் கருப்பையில் வைத்தனர். இந்த ஆண்டுகள் முழுவதும் ஆய்வகத்தின் அன்றாடப் பதிவுகளைக் காத்தவர் ஜீன் பர்டி என்ற செவிலியர். 1985இல், 40 வயதை எட்டுவதற்கு முன்பே, அவர் இறந்துவிட்டார். ஓல்டத்தில் வைக்கப்பட்ட நினைவுப்பலகையில் அவர் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று எட்வர்ட்ஸ் கடிதம் எழுதியும் அன்று சேர்க்கவில்லை. ஆய்வகத்தில் ஊழியராக வாழ்ந்தவள் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்கு ஆறாத வருத்தம்.

லூயிஸ் பிறந்து 70 நாட்களுக்குள், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான துர்கா பிறந்ததையும் இங்கே சொல்லவேண்டும். ஊசியால் முட்டைகளைப் பெருக்கி, கருவை உறையவைத்து, பின்னர் வைத்த அவருடைய முறை, இன்றைய நடைமுறைக்கு ஓல்டத்தின் முறையைவிட நெருக்கமானது. அவரை நம்ப மறுத்தார்கள். அவர் 1981இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் ஹர்ஷா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்த ஆனந்த் குமார், இந்தியாவில் இதை முதலில் செய்தவர் என்ற பெருமை தமக்கே உரியதாக இருந்தும், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளை வாசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று 1997இல் எழுதினார். ஒரு விஞ்ஞானியின் குறிப்பேட்டை மற்றொரு விஞ்ஞானி நேர்மையோடு வாசித்ததற்கு இதைவிட உயர்ந்த சான்று எனக்குத் தெரியாது.

இனி என் தொழிலைப் பற்றி. கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேரும் தம்பதியர் எங்கள் ஆய்வகத்துக்குக் கேரியோடைப் சோதனைக்கு, அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் சோதனைக்கு, வருவார்கள். இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தத்தை ஊட்டக் கரைசலில் இட்டு 72 மணி நேரம் வளர்ப்போம். இரத்தத்தின் வெள்ளணுக்கள் தாமாகப் பிரிவதில்லை. ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம் அவற்றைப் பிரியத் தூண்டுகிறது என்பதைப் பீட்டர் நோவெல் 1960இல் கண்டறிந்தார். பிரியத் தொடங்கியவற்றை நடுவில் நிறுத்துவது கால்ச்சிசின் வகை மருந்து. ஒரு பயறும் ஒரு நச்சுக்கிழங்கும் இல்லையென்றால் மனிதக் குரோமோசோமை நாங்கள் பார்த்திருக்கவே முடியாது. பிறகு நீர்த்த உப்புக் கரைசலில் உயிரணுக்களை உப்பச் செய்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் நிலைப்படுத்தி, ஸ்லைடின் மேல் உயரத்திலிருந்து சொட்டுவிட்டு, சாயமேற்றுவோம். கணினி வருவதற்கு முன், ஒளிப்படத்தை அச்சிட்டு, கத்தரியால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி, ஜோடி சேர்த்து ஒட்டுவோம்.

செட்டிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களின் வமிசப்படத்தை வரைவது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும் வேலையாக இருந்தது. குலப்பிரிவைக் குறிக்கும் கோயிலையும் வீட்டு விலாசத்தையும் சொன்னால், எங்கள் ஆச்சிமார் நான்கு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். யார் வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள் (தத்தெடுத்தார்கள்), யாருக்கு எத்தனை சிதைந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பிள்ளை கூட்டி வந்த இடத்தில் இரத்த வழி வேறாகிவிடும் என்பதால் அதை முதலிலேயே கேட்டுக் குறிப்பேன். ஒரே கோயிலில் பெண் எடுப்பதில்லை என்ற எங்கள் மரபு தந்தை வழிக்கு வேலி போடுகிறது. ஆனால் மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கோயிலானாலும், மரபணுக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு பொதுவானவர்களே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உறவுக்குள் நடந்த மணத்தைக் காட்டப் படத்தில் இரட்டைக் கோடு போடவேண்டிய இடம் அது, அவ்வளவே.

பல கருச்சிதைவுகளுக்குப்பின் வந்த ஒரு தம்பதியை மட்டும், அடையாளம் தெரியாதபடி, குறிப்பிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு எல்லாச் சோதனைகளும் நடந்திருந்தன. வெளியூர் மையங்களில் செலவு மிகுந்த சிகிச்சைகளும் முடிந்திருந்தன. கணவரின் இரத்தத்தை யாரும் கேட்கவே இல்லை. நாங்கள் பார்த்தபோது கணவரின் 11ஆம் குரோமோசோமின் நுனித்துண்டும் 22இன் நுனித்துண்டும் இடம் மாறியிருந்தன. எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் விந்தணுக்களில் சில, ஒரு துண்டு கூடியும் மற்றொன்று குறைந்தும் செல்லும். அந்தக் கரு பெரும்பாலும் தங்காது. திரும்பத் திரும்பச் சிதைவு நேரும் தம்பதியருள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து ஜோடிகளில் ஒருவருக்கு இத்தகைய இடமாற்றம் இருக்கிறது. பெண்ணோடு வந்திருந்த அவளுடைய ஆயா (பாட்டி), "அப்ப எங்க பிள்ளை மேல குத்தம் இல்லையா ஆத்தா?" என்று கேட்டார். "உங்க பிள்ளை மேலயும் இல்லை, அவங்க பிள்ளை மேலயும் இல்லை ஆச்சி, இது பிறக்கும்போதே வந்த அமைப்பு" என்று சொன்னேன். அத்தனை ஆண்டுகளாக அந்தப் பெண் கேட்ட சொற்களை நினைத்தால், அந்தச் சோதனை கடைசியில் வந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது சிதைவு நேர்ந்தவுடனேயே இருவருக்கும் கேரியோடைப் பார்த்துவிடவேண்டும் என்பதும், சிதைந்த கருவின் திசுவையும் முடிந்தவரை சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. முதல் மூன்று மாதத்தில் சிதையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் பிழைதான். எடின்பரோவின் எலிக் கருக்களில் அந்த இளம் ஆய்வாளர் கண்டதும் இதுவே.

முடிவு சொல்லும்போது தம்பதியிடம் வழிகளை விரித்துச் சொல்வது வழக்கம். இயல்பாகவே மறுபடி முயன்று, கரு தங்கினால் பனிக்குட நீரைச் சோதிக்கலாம்; உடலுக்கு வெளியே கருவாக்கி, கார்ட்னரும் எட்வர்ட்ஸும் முயலில் செய்ததுபோல் சில உயிரணுக்களை எடுத்துப் பார்த்து, சமநிலை உள்ள கருவை மட்டும் வைக்கலாம்; பிள்ளை கூட்டிக்கொள்ளலாம். எதை எடுப்பது என்பது அவர்கள் இருவரின் முடிவு; அதில் நாங்கள் தலையிடுவதில்லை. இடமாற்றம் அவருடைய தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ வந்திருக்கக்கூடும் என்பதால், உடன்பிறந்தவர்களுக்கும் இதே சோதனை தேவை என்பதையும் எழுதிக் கொடுத்தோம். சில வாரங்களில் திருமணம் நிச்சயமாகியிருந்த அவருடைய தம்பி, அண்ணனின் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு தாமாகவே வந்து இரத்தம் கொடுத்தார்.